இடது முன் சக்கரம்

தை மழை விட்ட மறுநாள்
இடும்பாவனத்துக்கு மேற்கே, வாய்க்கால் ரோட்டில்,
நாற்பத்திரண்டு மூட்டையோடு நிறுத்தினேன்.
டயரின் உள்பக்கம் கறுப்பாய் வழிந்திருந்தது.
சம்மனசு இறங்கி, விரலால் தொட்டு முகர்ந்தாள்.
"பிரேக் ஆயில் இல்லை. கியர் ஆயில்.
போன மாசம் மாற்றின அதே சீல்."

ராணுவம் ஏலத்தில் கழித்த வண்டி.
நாலு சக்கரமும் இழுக்கும், அதற்காகத்தான் வாங்கினோம்.
களி ஊறினால் டிராக்டரே வயிறு வரை இறங்கும் வயல்கள் இவை.
கடைமடைக்கு எல்லாமே பிந்தித்தான் வரும்,
ஆற்றுத் தண்ணீரும் ஸ்பேர் பார்ட்ஸும்.
மழை மட்டும்
அறுப்பு நாள் பார்த்து வந்துவிடும்.

இப்போது நின்ற இடமெல்லாம்
ஒரு சொட்டு வைத்துவிட்டுப் போகிறது வண்டி,
கோலம் தெரியாதவள் வைத்த புள்ளி மாதிரி.

மூட்டைகளை இறக்கித் தார்ப்பாய் போர்த்தினோம்.
ஈரம் பதினேழைத் தாண்டினால் கொள்முதலில் திருப்பிவிடுவார்கள்.
நெல்லுக்காரர் அய்யாறு
தார்ப்பாய் எட்டாத மூட்டைக்குக் குடை பிடித்துக்கொண்டு
தான் தூறலில் உட்கார்ந்தார்.

ஜாக்கி வைத்தோம்.
வண்டி ஏறவில்லை, தரைதான் இறங்கியது.
மதகுப் பலகை ஒன்றைக் கடன் வாங்கி அடியில் போட்டோம்.

சக்கரம், ஹப், பேரிங்,
கழற்றிய வரிசையில் செய்தித்தாள் மேல்.
ஷாஃப்டை உருவியதும் பின்னாலேயே வந்தது
பால் அதிகமான டீ நிறத்தில் ஆயில்.
எண்ணெய் வெளியே போன வழியில்
தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது.

சம்மனசு ஷாஃப்டின் மேல் நகத்தை ஓட்டினாள்.
ஓரிடத்தில் நகம் விழுந்தது.
"சீல் உட்கார்ந்த இடம். பள்ளமாயிடுச்சு."
"ரப்பரா இரும்பை அறுத்தது?" அய்யாறு குனிந்தார்.
"ரப்பர் சும்மாதான் இருந்தது.
இடையில் புகுந்த மண்ணு அறுத்தது."
"எங்க மண்ணா?"
"உங்க மண்ணும்தான்."
அவருக்கு அதில் கொஞ்சம் பெருமை.

போன மாசமே ஒரு சீல் கூடுதலாக வாங்கி
டேஷ்போர்டில் போட்டிருந்தாள்,
நம்பிக்கை இல்லாமல்தான்.
உதடு எண்ணெயைப் பார்க்க,
பழைய பள்ளத்துக்கு ஒரு நூல் இப்பால்,
பைப் துண்டு வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினாள்,
ஒரு பக்கமும் முந்திவிடாமல்.
ஷாஃப்டின் பல்லுக்குப் பால் கவரைச் சுற்றினேன்.
புது உதட்டைக் கீறாமல்
உள்ளே போய்விட்டது.

கடைசி போல்ட்டை இறுக்கும்போதுதான்
ஆக்சிலின் முதுகைத் தடவினாள்.
கட்டைவிரல் பருமனில் ஒரு மூடி அங்கே உண்டு.
வண்டி மூச்சுவிடுகிற இடம்.
கழற்றி, வாயில் வைத்து ஊதினாள்.
போகவில்லை.

குளவி.
மெழுகிப் பூசியிருந்தது அழகாக.
ஊக்கால் குத்தக் குத்த
காய்ந்த களியும், கால் மடங்கிய மூன்று சிலந்திகளும்.

ஓடினால் சூடாகும். சூடானால் உள்காற்று விரியும்.
விரிந்தது வழி கேட்கும்.
வாசல் அடைத்திருந்தால்
இளகிய இடமாகப் பார்த்துத் தள்ளும்.
போன சீலும் அதற்கு முந்தின சீலும்
ஒரு குற்றமும் செய்யவில்லை.

முத்துப்பேட்டைக் கடைவாசலில் நின்று
பரக்கத்துல்லாவை டூப்ளிகேட் விற்கிறவன் என்று
நாலு பேர் கேட்கக் கத்தியவள் சம்மனசு.
ஆமாம் போட்டவன் நான்.

கேனில் மிச்சமிருந்த ஆயிலை ஊற்றினோம்.
மூச்சு மூடிக்கு என் கைக்குட்டையைக் கிழித்துத் தொப்பி கட்டினேன்.
மூட்டைகள் ஏறின.
எங்கிருந்தோ குளவி வந்து
ஆக்சிலை இரண்டு தரம் சுற்றிப் போனது.

சம்மனசு கையைத் துடைக்காமலே போன் போட்டாள்.
ஸ்பீக்கரில் அடித்துக்கொண்டே இருந்தது.
நான் முதல் கியரில் விட்டேன்.
அவர் எடுக்கவில்லை.